இண்டர்மீடியட் இங்கிலீஷ் லாங்குவேஜ் அண்ட் லிட்டரேச்சர் கிளாஸ்ல சேர்ந்துட்டேன், உள்ள என்னதான் நடக்கும்?

புதுவரவு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க சத்தமில்லாம படிச்சிட்டுப் போயிட்டிருந்த ஆளு நான், இன்னைக்குத்தான் முதல் போஸ்ட். விஷயம் என்னன்னா பேசிக் லெவல் முடிச்சிட்டு ப்ளேஸ்மெண்ட் டெஸ்ட் எழுதினேன், இண்டர்மீடியட்னு போட்டுட்டாங்க, அடுத்த மாசம் கிளாஸ் ஆரம்பம். பேர்ல 'லாங்குவேஜ்' இருக்கு சரி, கூடவே 'லிட்டரேச்சர்'னு ஒண்ணு ஒட்டிட்டிருக்கே, அதப் பார்த்ததும் வயித்துல புளியைக் கரைக்குது.

என் நிலைமை: நியூஸ் படிச்சா புரியும், மெயில் அடிப்பேன் (ரெண்டு தடவை செக் பண்ணிட்டுத்தான்), சப்டைட்டில் இருந்தா படம் ஓடிடும். ஆனா முழுசா ஒரு இங்கிலீஷ் நாவல் இதுவரைக்கும் படிச்சதில்ல. ஒண்ணு ஆரம்பிச்சேன், பதினோராவது பக்கத்துல டிக்‌ஷனரிய கட்டிப்புடிச்சிட்டே தூங்கிட்டேன், அதோட சரி.

கிராமர் திரும்ப அ ஆவன்னாலேருந்து நடத்துவாங்களா? கவிதைக்கெல்லாம் சரியான அர்த்தம்னு நோட்ஸ் குடுப்பாங்களா, மனப்பாடம் பண்ணிடலாமா? எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு பேசச் சொல்லுவாங்களா? இந்த மாதிரி கிளாஸ்ல இருந்தவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.

கடைசிபெஞ்ச்:

வாங்க ப்ரோ. நான் முடிச்சு ஒரு வருஷம் ஆகுது. முதல்ல ஒண்ணு, நோட்ஸ் மனப்பாடம்ங்கிற எண்ணத்த இப்பவே மூட்டை கட்டி பரண்ல போட்டுடுங்க. நான் அந்த மூட்டையோடதான் உள்ள போனேன், முதல் எஸ்ஸேலயே மூக்கு உடைஞ்சது.

என்ன ஆச்சுன்னா ஒரு சிறுகதை குடுத்தாங்க, கேட் ஷோப்பின் 1894ல எழுதினது, மொத்தமே ஆயிரம் வார்த்தை சொச்சம்தான், பத்து நிமிஷ வேலை. ஒரு பொம்பளைக்கு இதய நோய், புருஷன் ரயில் விபத்துல போயிட்டான்னு சேதி வருது, அழறா, மாடி ரூமுக்குப் போய் கதவ சாத்திட்டு ஜன்னல் பக்கம் உக்காருறா, உக்காந்து யோசிக்க யோசிக்க துக்கத்துக்கு பதிலா 'இனிமே நான் எனக்காக வாழலாம்'னு ஒரு விடுதலை உள்ள பொங்கி வருது, அப்புறம் கீழ இறங்கி வந்தா புருஷன் குத்துக்கல்லாட்டம் உயிரோட வந்து நிக்கிறான், இவ செத்து விழுறா. டாக்டருங்க வந்து பார்த்துட்டு சந்தோஷம் தாங்காம அவ செத்துட்டதா சொல்லிடுறாங்க. (கதைய உடைச்சிட்டேன், மன்னிக்கவும், ஆனா உடைச்சாலும் கெடாத கதை.)

கேள்வி என்னன்னா, அந்தக் கதையில இடம், பொருள் இதெல்லாம் அவ மனசு மாறுறத எப்படிக் காட்டுதுன்னு எழுதணும். நான் மூணு பக்கம் எழுதினேன். ஒரு எழுத்துப்பிழை இல்ல, எல்லா டென்ஸும் கரெக்ட். திரும்பி வந்த பேப்பர்ல ஒவ்வொரு பாராவுக்குப் பக்கத்துலயும் டீச்சர் ஒரே விஷயத்த எழுதியிருந்தாங்க: "கதை எனக்குத் தெரியும். அப்புறம்?" ஏழு பாராவுல அஞ்சு இடத்துல அந்த 'அப்புறம்?' இருந்துச்சு. பார்த்ததும் கோவம்தான் வந்துச்சு, பொய் சொல்லல.

ரெண்டாவது டிராஃப்டுக்குத்தான் புரிஞ்சுது. சாத்தின கதவு, திறந்த ஜன்னல், இந்த ரெண்டையும் மட்டும் எடுத்துக்கிட்டேன். ஜன்னலுக்கு வெளிய மரமெல்லாம் துளிர் விட்டிருக்கு, குருவி கத்துது, மேகத்துக்கு நடுவுல துண்டு துண்டா நீல வானம் தெரியுது. சாவு வீட்டுக் கதையில வெளிய ஏன் வசந்தம்? அந்த ஒரு 'ஏன்'ன புடிச்சு ஒன்றரை பக்கம்தான் எழுதினேன், முதல் தடவைய விட நல்ல மார்க். இந்த லெவலோட சூட்சுமமே அதுதான்னு எனக்குப் பட்டது, என்ன நடந்துச்சுன்னு சொல்ற வேலை பேசிக்லயே முடிஞ்சுது, இங்க 'எந்த வார்த்தைய வச்சு அப்படிச் சொல்ற'ன்னு கேட்டே உயிர எடுப்பாங்க.

சிவப்புமை:

நான் இந்த லெவல் கிளாஸ் எடுக்கிற ஆள். மேல சொன்ன டீச்சர் நான் இல்ல, ஆனா நானும் அதையேதான் எழுதுவேன் :)

கிராமர் பத்தி கேட்டிருந்தீங்க. முதல்லேருந்து நடத்த மாட்டாங்க, அதே சமயம் விட்டுடவும் மாட்டாங்க. இண்டர்மீடியட்னா பொதுவா ஐரோப்பிய கவுன்சில் 2001ல வெளியிட்ட ஆறு படி அளவுகோல் இருக்கு பாருங்க, ஏ1லேருந்து சி2 வரைக்கும், அதுல நடுவுல வர்ற பி1, பி2 தான். அந்தப் படியில இருக்கிறவங்களுக்கு ரூல் தெரியும், பயன்படுத்துறப்பதான் சறுக்கும். உதாரணத்துக்கு ப்ரெசென்ட் பெர்ஃபெக்ட். 'ஐ லாஸ்ட் மை கீ'ன்னா தொலைச்சது ஒரு பழைய சம்பவம், சாவி அப்புறம் கிடைச்சுதோ இல்லையோ, வாக்கியம் அதச் சொல்லல. 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ'ன்னா இன்னும் கிடைக்கல, இப்ப வாசல்ல நிக்கிறேன்னு அர்த்தம். தமிழ்ல நமக்கு 'வந்தான்', 'வந்திருக்கான்'னு வித்தியாசம் இருக்கறதால சட்டுன்னு புடிச்சுக்குவோம், ஆனா அங்கதான் பள்ளமும் இருக்கு. தமிழ்ல 'நேத்து வந்திருக்கான்'னு தாராளமா சொல்லலாம், இங்கிலீஷ்ல 'எஸ்டர்டே'ன்னு நேரத்த கட்டிப் போட்டுட்டா 'ஹேஸ் கம்' வராது, 'கேம்' தான். என் கிளாஸ்ல தமிழ் பேசுறவங்க பேப்பர்ல நான் அதிகமா வட்டம் போடுற இடங்கள்ல இது ஒண்ணு.

இன்னொண்ணு 'எ', 'த'. தமிழ்ல அந்த ரெண்டு சொல்லும் கிடையாது, அதனால நமக்கு அது ஏதோ தூசு மாதிரி, இருந்தா என்ன போனா என்ன. முதல் தடவை சொல்றப்ப 'எ மேன்', அதே ஆள் திரும்ப வந்தா 'த மேன்', இதுவரைக்கும் பேசிக்லயே படிச்சிருப்பீங்க. இப்ப இலக்கியம் பக்கம் வாங்க. ஒரு கதை முதல் வரியே 'த டோர் வாஸ் ஓபன்'னு ஆரம்பிக்குதுன்னு வைங்க. எந்தக் கதவு? நமக்கு யாரும் சொல்லலயே? ஆனா கதை சொல்றவர் நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச கதவு மாதிரி பேசுறார், நாம அந்த வீட்டுக்குள்ள ஏற்கனவே நிக்கிறோம். ஒரு 'த' செஞ்ச வேலை அது. அதே மாதிரி 'த விண்டோ வாஸ் ப்ரோக்கன்'னு பேஸிவ்ல வந்தா உடைச்சவன் வாக்கியத்துலேருந்தே தப்பிச்சு ஓடிட்டான், யார ஒளிக்கிறாங்கன்னு யோசிக்கணும். லாங்குவேஜையும் லிட்டரேச்சரையும் ஒரே கிளாஸ்ல கட்டிப்போட்டிருக்கிற காரணம் இதுதான்.

டிக்‌ஷனரியோட தூங்கினீங்கன்னு சொன்னீங்களே, அது உங்க தப்பே இல்ல. பால் நேஷன்னு ஒரு ஆய்வாளர் 2006ல கணக்குப் போட்டிருக்கார், எளிமைப்படுத்தாத புத்தகத்த உதவி இல்லாம படிக்க எட்டாயிரத்துலேருந்து ஒன்பதாயிரம் சொற்குடும்பம் (ஒரு வார்த்தையும் அதுலேருந்து வர்ற மத்த வடிவங்களும் சேர்ந்தா ஒரு குடும்பம்) தெரிஞ்சிருக்கணும்னு. அப்பதான் நூத்துக்கு 98 வார்த்தை தெரிஞ்சதா இருக்கும், அதாவது அம்பது வார்த்தைக்கு ஒண்ணுதான் புதுசு. இண்டர்மீடியட்ல இருக்கிறவங்க பலபேர் அதுக்குப் பக்கத்துல கூட இருக்க மாட்டாங்க. அதனாலதான் கிளாஸ்ல சிறுகதை, கவிதை, நாடகத்துல ஒரு காட்சி, நாவல்ல ஒரு துண்டுன்னு சின்னச் சின்னதா குடுக்குறாங்க, திரும்பத் திரும்ப படிக்கலாமே. ஒவ்வொரு வார்த்தைக்கும் டிக்‌ஷனரிய தூக்காதீங்க. முதல் ரவுண்ட் பென்சில்ல கோடு மட்டும் போட்டுட்டு ஓடுங்க, ரெண்டாவது ரவுண்ட்ல எது இல்லாம கதை நகரலையோ அதுக்கு மட்டும் பாருங்க. தனி வார்த்தையா எழுதி வைக்காம ஜோடியா எழுதி வைங்க, 'மேக் எ மிஸ்டேக்', 'டூ ஹோம்வொர்க்', 'ஹெவி ரெயின்', 'ஸ்ட்ராங் விண்ட்'. இங்க ஏன் 'மேக்', அங்க ஏன் 'டூ'ன்னு கேட்டா பதில் கிடையாது, ஜோடி அது, அவ்வளவுதான்.

அரைத்தூக்கம்:

எல்லாரும் ரொம்ப இனிப்பா பேசுறீங்க, நான் கொஞ்சம் கசப்பா சொல்றேன். நானும் இதே மாதிரி கோர்ஸ் பண்ணேன், பாதியில விட்டுட்டேன். எனக்கு வேண்டியது வேலைக்கு இங்கிலீஷ், ரிப்போர்ட் எழுதணும், மீட்டிங்ல பேசணும். ரெண்டு வாரம் ஒரு கவிதைய வச்சு பிழிஞ்சா எனக்கு என்ன லாபம்? கவிஞர் மனசுல என்ன நினைச்சாரோ யாருக்குத் தெரியும், செத்துப் போனவர எழுப்பியா கேக்க முடியும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, கடைசில டீச்சர் சொல்றதுதான் சரின்னு முடியுது. அதுவும் போக இப்ப ஏஐ கிட்ட கேட்டா ரெண்டு செகண்ட்ல எஸ்ஸே வருது. ப்ரோ நீங்க பிசினஸ் இங்கிலீஷ் கோர்ஸ் இருக்கான்னு பாருங்க, பணமும் நேரமும் மிச்சம்.

சிவப்புமை:

அரைத்தூக்கம், வேலைக்கு மட்டும் வேணும்னா பிசினஸ் கோர்ஸ் சரியான முடிவுதான், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. கடைசில டீச்சர் சொல்றதுதான் சரின்னு முடிஞ்சா அது மோசமா நடத்தின கிளாஸ், அந்தக் கோவமும் நியாயம்.

ஆனா 'கவிஞர் மனசுல என்ன நினைச்சார்'ங்கிற கேள்விய நல்ல கிளாஸ்ல கேக்கவே மாட்டாங்க. பாட்டுல பேசுறது யாரு, அந்தக் குரல் எதச் சொல்லுது, எத விழுங்குதுன்னுதான் கேப்பாங்க. இதுக்கு இங்கிலீஷ்ல 'ஸ்பீக்கர்'னு பேரு, புதுசா ஏதோ சொல்றாங்கன்னு பசங்க முழிக்கும். சங்கப் பாட்டுக்கு அடியில 'தலைவி கூற்று', 'தோழி கூற்று'ன்னு போட்டிருப்பாங்கல்ல, எழுதினது ஒரு ஆண் புலவரா இருப்பார், பேசுறது தலைவி. இவ்வளவுதான் விஷயம், நமக்கு ரெண்டாயிரம் வருஷப் பழக்கம்.

ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா எல்லாமே சரியான்னா, அதுவும் இல்ல. ராபர்ட் ஃப்ராஸ்ட் கவிதை ஒண்ணு, காட்டுல ரெண்டு வழி பிரியுது, 1915ல பத்திரிகைல வந்தது, இருபதே வரி. நிறைய பேர் அத 'யாரும் போகாத வழியில போ, வாழ்க்கை மாறும்'னு போஸ்டர் அடிச்சு சுவத்துல ஒட்டுறாங்க. நடு பத்திய நிதானமா படிச்சுப் பாருங்க, ரெண்டு வழியும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் தேஞ்சிருந்துச்சுன்னு அந்த ஆளே ஒத்துக்கிறான். அப்ப கடைசில 'ஆள் போகாத வழிய எடுத்தேன், அதனாலதான் எல்லாம் மாறுச்சு'ன்னு வருதே? அந்தப் பத்தியோட ஆரம்ப வினைய பாருங்க, எதிர்காலம். ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு பெருமூச்சோட நான் இப்படிச் சொல்லிக்கிட்டிருப்பேன்னு சொல்றான். மாறுச்சுன்னு சொல்லல, மாறுச்சுன்னு பின்னாடி கதை விடப் போறேன்னு சொல்றான்! ஒரு டென்ஸ கவனிக்காம விட்டா மொத்தக் கவிதையும் தலைகீழா போயிடுது. ரிப்போர்ட்லயும் அதேதான், 'வில் பி கம்ப்ளீட்டட்' வேற, 'ஹேஸ் பின் கம்ப்ளீட்டட்' வேற, அத குழப்பினா மீட்டிங்ல மாட்டிக்கப் போறது யாருன்னு உங்களுக்கே தெரியும்.

ஏஐ விஷயம்: நான் முக்கியமான எஸ்ஸேவ கிளாஸ்லயே கையால எழுத வைக்கிறேன். வீட்டுல எழுதிட்டு வந்தா 'நாலாவது வரிய ஏன் எடுத்த, ஏழாவத ஏன் விட்ட'ன்னு ரெண்டு நிமிஷம் நேர்ல கேப்பேன். சொந்தமா எழுதினவங்க திக்கித் திணறியாவது சொல்லிடுவாங்க. மத்தவங்க ஃபேன பார்ப்பாங்க.

காற்புள்ளி:

பேசுறத பத்தி யாருமே சொல்லலயே, நான் சொல்றேன். எனக்கு அதுதான் பெரிய பயமா இருந்துச்சு, ரோல் கால்ல பேர் கூப்பிட்டாலே நெஞ்சு படபடங்கும்.

ஆமா, பேச வைப்பாங்க, ஆனா முதல் நாளே மேடை ஏத்தி விட மாட்டாங்க. பக்கத்துல இருக்கறவங்களோட ஜோடியா, அப்புறம் நாலு பேர் குரூப்பா, கடைசி மாசத்துலதான் தனியா அஞ்சு நிமிஷ ப்ரெசென்டேஷன். குரூப்ல பேசறப்ப நான் கண்டுபுடிச்ச ஒரு தந்திரம் (டீச்சர் சொல்லிக் குடுத்ததுதான், நான் கண்டுபுடிச்ச மாதிரி சொல்லிக்கிறேன்), முதல் வாக்கியத்த மட்டும் ரெடியா வச்சுக்கிறது. 'ஐ சீ யுவர் பாய்ண்ட், பட்...'னு ஆரம்பிச்சிட்டா மீதி தானா வந்துடும், வரலன்னா புத்தகத்துல ஒரு வரிய காட்டி 'லுக் அட் திஸ் லைன்'னு சொல்லிடுவேன், எல்லாரும் புத்தகத்த பார்ப்பாங்க, என்ன பார்க்க மாட்டாங்க, அதுக்குள்ள மூச்சு வாங்கிக்கலாம். தப்பு வந்தா நடுவுல நிறுத்தித் திருத்த மாட்டாங்க, பேசி முடிச்சப்புறம் போர்டுல யார் பேரும் போடாம நாலு தப்ப எழுதிப் பேசுவாங்க. எனக்கு அது பெரிய நிம்மதி.

உச்சரிப்புல எழுத்த விட அழுத்தம்தான் முக்கியம்னு அங்கதான் தெரிஞ்சுது. 'ரெக்கார்ட்'னு பெயர்ச்சொல்லா வந்தா முதல் அசையில அழுத்தம், பதிவு பண்ணுன்னு வினையா வந்தா ரெண்டாவதுல. 'ப்ரெசென்ட்', 'ஆப்ஜெக்ட்' எல்லாம் இப்படித்தான். நாம எல்லா அசையையும் ஒரே தட்டுல வச்சு சமமா பேசிடுறோம், கேக்குறவங்க தடுமாறுறது அதனாலதான்.

கவிதைய சத்தமா வாசிக்கச் சொன்னா ஒவ்வொரு வரி முடிவுலயும் நிக்காதீங்க! நான் ஒரு மாசம் அப்படித்தான் வாசிச்சேன், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். வரி முடிஞ்சாலும் புள்ளியோ கமாவோ இல்லன்னா வாக்கியம் அடுத்த வரிக்கு ஓடுதுன்னு அர்த்தம், நீங்களும் கூட ஓடணும். முற்றுப்புள்ளி வரைக்கும் ஒரே வாக்கியமா நினைச்சு வாசிச்சுப் பாருங்க, புரியாத கவிதையில பாதி அப்பவே புரிஞ்சிடும்.

கடைசிபெஞ்ச்:

காற்புள்ளி சொன்னது நூத்துக்கு நூறு. நான் விட்டுட்ட ஒண்ணு, எஸ்ஸேல மேற்கோள தனியா தொங்க விடாதீங்க. யாரு எந்த இடத்துல சொல்றாங்கன்னு முன்னாடி ஒரு வரி, அப்புறம் மேற்கோள், அப்புறம் அதுல எந்த வார்த்தை ஏன் முக்கியம்னு ரெண்டு வரி. எங்க கிளாஸ்ல இதுக்குப் பேரே கோட் சாண்ட்விச்தான். பாதிப் பேர் மேல ரொட்டி வச்சு கீழ ரொட்டிய மறந்துடுவாங்க, மார்க் போறது அங்கதான். பியர் ரிவ்யூன்னு ஒருத்தர் பேப்பர இன்னொருத்தர் படிக்கிறதும் உண்டு, அடுத்தவங்க பேப்பர்ல தெரியிற தப்பு நம்ம பேப்பர்ல தெரியாது, அது என்ன சாபமோ.

புதுவரவு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு பதில் வரும்னு எதிர்பார்க்கல. அரைத்தூக்கம் அண்ணா சொன்னதும் மனசுல இருக்கு, ஆனா பீஸ் கட்டியாச்சு, போய்த்தான் பார்ப்போம்.

சும்மா இருக்க முடியல, அந்த ஷோப்பின் கதைய தேடிப் புடிச்சு மூணு தடவை படிச்சேன். முதல் தடவை இருபது வார்த்தைக்கு மேல கோடு போட்டேன், டிக்‌ஷனரி பார்த்தது ஆறுக்குத்தான். ஒரு சந்தேகம், இதப் பத்தி எழுதறப்ப 'ஷி ஸாட் பை த விண்டோ'ன்னு எழுதணுமா, இல்ல 'ஷி சிட்ஸ்'னா? கதை முழுக்க பாஸ்ட்லதான இருக்கு?

அப்புறம் ஒண்ணு கண்ணுல பட்டுது, இது சரியான்னு தெரியல, சொல்லலாமான்னும் தெரியல. அந்த அம்மாவ ஆரம்பத்துல 'மிஸஸ் மல்லார்ட்'னுதான் சொல்றாங்க, அதாவது புருஷன் பேரு. அவளோட சொந்தப் பேரு லூயிஸ்னு நமக்கு ரொம்ப நேரம் தெரியவே தெரியாது. மனசுக்குள்ள விடுதலை வந்ததுக்கு அப்புறம்தான் யாரோ அவள அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க.

சிவப்புமை:

'ஷி சிட்ஸ்'. கதை எந்தக் காலத்துல இருந்தாலும் அதப் பத்தி நாம எழுதறப்ப ப்ரெசென்ட் டென்ஸ்தான் வழக்கம், புத்தகத்த எப்பத் திறந்தாலும் அவ அந்த ஜன்னல் பக்கத்துலதான் உக்காந்திருப்பா. எழுத்தாளரோட வாழ்க்கைய சொல்றப்ப மட்டும் பாஸ்ட், 'ஷோப்பின் ரோட் இட் இன் 1894'.

பேர் விஷயம் தாராளமா சொல்லலாம். யாரோன்னு சொன்னீங்களே, கூப்பிடுறது யாரு, எங்கேருந்து கூப்பிடுறாங்க?

புதுவரவு:

இருங்க பார்க்குறேன்... தங்கச்சியோ அக்காவோ, சிஸ்டர்னுதான் போட்டிருக்கு. சாத்தின கதவுக்கு வெளிய முட்டி போட்டு, சாவித் துவாரத்துல வாய வச்சு, கதவத் திறன்னு கெஞ்சுறா.

கடைசிபெஞ்ச்:

அடப்பாவி, கதவப் பத்தியே ஒன்றரை பக்கம் எழுதினவன் நான், இது எனக்குத் தெரியாம போச்சே.